நடுவீட்டில் யாரும் இல்லை

"நடுவீட்டில் யாரும் வசிக்கவில்லை. நாவலில் வரும் பெண் முழுக்கக் கற்பனை." இப்படி என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரையும் குத்தி, ஒரு சென்னைப் பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். என் தொழிலில் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டவள் நான். வெட்கப்படும்படி போட்டது அது ஒன்றுதான்.

முதல் நாவலுக்கு ஏஜென்ட் பிடிப்பது எப்படி என்று பேச என்னை இளம் எழுத்தாளர்கள் கூப்பிடுவார்கள். சினாப்சிஸ், சப்மிஷன், காண்ட்ராக்ட் என்று ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். இதை மட்டும் சொன்னதில்லை. தொழிலை விட்டு ஒதுங்கும் நேரத்தில் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது.

1. என்ன தொழில் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்

மலையாளம் பேசும் எங்கள் ஊரில், சாலை பஜார் என்ற கடைத்தெருவில், ஒரு பருப்பு மண்டிக்கு மேலே என் ஆபீஸ். 'லிட்டரரி ஏஜென்ட்' என்று போர்டு மாட்டிய முதல் மாதம் படியேறி வந்தவர்களில் பாதிப்பேர் இன்சூரன்ஸ் கட்ட வந்தவர்கள். ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டார். நாவலோடு வந்தவர் அந்த மாதம் ஒரே ஒருவர். அவரும் மல்லியும் வத்தலும் கலந்து வந்த நெடியில் தும்மித் தும்மி, கதையைச் சொல்லி முடிக்காமலே போய்விட்டார்.

எங்கள் அப்பா வள்ளியூரிலிருந்து வந்து இதே சாலையில் ஒரு அரிசிக்கடையில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பிறகு ஆபீஸ்களில் இங்கிலீஷ் என்று வளர்ந்ததால் மூன்று மொழியிலும் எழுத்தைப் படித்து எடைபோட எனக்குக் கொஞ்சம் வரும். எழுதியவரிடம் எது சரியில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொல்வது, எந்தப் பதிப்பகத்துக்கு அது பொருந்தும் என்று பார்த்து அனுப்புவது, காண்ட்ராக்டை வரிவரியாகப் படிப்பது, இவைதான் ஏஜென்டின் வேலை. ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், அதாவது சினாப்சிஸ், அதோடு முதல் ஐம்பது பக்கம். இவ்வளவுதான் முதலில் கேட்பேன். ஐம்பது பக்கத்துக்குள் என்னை உள்ளே இழுக்காத நாவல், அப்புறம் இழுத்து என்ன பிரயோஜனம் என்று சட்டம் பேசுவேன். அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

2. ஜெயந்தி கொண்டுவந்த ஐம்பது பக்கம்

ஜெயந்திக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். ஒரு ஆஸ்பத்திரியில் ரெகார்டு பிரிவில் காலை ஷிஃப்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோட்டைக்குள் ஒரு அக்ரகாரத் தெருவில் ஆறு வருஷமாகத் தனியாக வாடகைக்கு இருந்தாள். ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

முதல் முப்பது பக்கத்தில் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கூப்பிடுகிறாள். "யாராவது இருக்கேளா? கதவைத் திறங்கோளேன்." திரும்பத் திரும்ப அதேதான். யாரும் வருவதில்லை. இரண்டாம் அத்தியாயத்திலிருந்து அவள் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறாள். நடக்க ஆரம்பிக்கிறாள். "வாசல்ல இறங்கறேன். செருப்பைப் போட்டுக்கறேன். இடது பக்கம் திரும்பறேன்." வீட்டுக்குள் இருந்துகொண்டே, வாயால் சொல்லிச் சொல்லி, ஊர் முழுக்க நடக்கிறாள். ஒரு நாள் சாலை பஜாருக்குப் போய்ப் பாத்திரம் பார்க்கிறாள். ஒரு நாள் பஸ் பிடித்து விழிஞ்ஞம் போய்ப் பாறையில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாள். ஐந்து மணி ஆனதும் எங்கே இருந்தாலும் அவசரமாகத் திரும்பிவிடுகிறாள்.

படித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குச் சாலை பஜாரில் ஒவ்வொரு கல்லும் தெரியும். அவள் சொன்ன மூன்றாவது கடை, அதன் வாசலில் உடைந்த படி, அங்கே புடவையைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும் என்பது வரை அத்தனையும் நான் பார்த்து வளர்ந்தது போலவே இருந்தது.

"இந்தப் பொம்பளை உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சா?" என்று ஜெயந்தியிடம் கேட்டேன்.

"நான் கற்பனை பண்ணலை அக்கா. பக்கத்தாத்துலேர்ந்து கேக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிப்பா. நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, பின்கட்டு அறையில உக்காந்து எழுதிப்பேன்."

"பக்கத்து வீட்டுல யார் இருக்கா?"

"யாருமில்லை. அது பூட்டின ஆம், காலி வீடு. நான் வரதுக்கு முன்னாடியே பூட்டிட்டா."

சிரித்துவிட்டேன். குரல் கேட்டது, கனவில் வந்தது, யாரோ சொல்லச் சொல்ல எழுதினேன் என்பதெல்லாம் முதல் நாவல் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். நான் ஏஜென்ட் புத்தியோடு வேலையில் இறங்கினேன். முதல் அத்தியாயம் இழுவை, ஒரே கூப்பாடு, தூக்கிவிடுங்கள், நடையிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். ஜெயந்தி தயங்கினாள்.

"அது இல்லாம அவ ஏன் நடக்கறான்னு தெரியாதே அக்கா?"

"வாசகருக்குத் தானா மனசிலாகும்" என்றேன். தூக்கிவிட்டோம்.

மார்ஜினில் திருத்தங்களும் போட்டேன். அந்தப் பாத்திரக்கடை மூடி நாலு வருஷமாகிறது, இப்போது அங்கே மொபைல் கடை, மாற்றவும். விழிஞ்ஞத்தில் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் வந்துவிட்டன, பாறையில் உட்கார்ந்தவள் கண்ணில் படாதா, சேர்க்கவும். பிழை கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. எழுத்தாளர் சொன்னது ஏன் பழசாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பதிப்பகங்களுக்கு அனுப்பிய குறிப்பில் இப்படி எழுதினேன்: இவள் இறந்துபோனவள் என்பதை ஓரிடத்திலும் சொல்லாமல் உணர்த்துவதுதான் இந்த நாவலின் பலம்.

3. சம்மதக் கடிதம்

ஏழு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. எட்டாவதாகச் சென்னையில் ஒரு எடிட்டர், பிரபா என்ற சின்னப் பெண், ராத்திரியோடு ராத்திரியாகப் படித்துவிட்டுக் காலையில் கூப்பிட்டாள். "மேடம், ராத்திரி தூங்கவே இல்லை மேடம். இதை நாங்கதான் போடுவோம்." ஜெயந்திக்கு நான் போன் செய்து சொன்னபோது "இன்னொரு தடவை சொல்லுங்கோ அக்கா" என்றாள். பிறகு அழுதாள். ஒரு முதல் நாவலுக்கு வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன்.

காண்ட்ராக்டில் வாரண்டி என்று ஒரு பகுதி வரும். கதையில் வருகிறவர்கள் நிஜ மனிதர்கள் இல்லை என்று எழுத்தாளர் உறுதி தர வேண்டும். ஜெயந்தி தன் முன்னுரையில் 'பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது' என்று எழுதித் தொலைத்திருந்தாள். பதிப்பகத்து வக்கீல் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் வசிப்பவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும், யாரும் வசிக்கவில்லை என்றால் விசாரித்து ஏஜென்ட் உறுதிமொழி தர வேண்டும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். தெருக்கோடியில் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஒட்டினாற்போல் மூன்று வீடுகள். முதலாவது ஜெயந்தி இருப்பது. நடுவீடு பூட்டியது. பூட்டு துருப்பிடித்து, சாவி போட்டாலும் திறக்காது போலிருந்தது. அதன் வாசலில் எண்ணெய் காய்ந்த அகல்கள் இருந்தன. அமாவாசைக்கு அமாவாசை தெருக்காரர்கள் அங்கே ஒரு விளக்கு வைப்பார்களாம். மூன்றாவது வீடு சுந்தரம் சாருடையது. அதற்கு அப்பால் கோயில் சாமான்கள் போட்டுவைக்கும் கட்டடம், அதோடு தெரு முடிகிறது.

சுந்தரம் சார் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பளிச்சென்று விபூதி. என்னையும் ஜெயந்தியையும் வாசலிலேயே உட்காரவைத்து, தானே காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கூப்பிடவில்லை. மனைவிக்கு உடம்பு சுகமில்லாமல் தஞ்சாவூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னதால், தனியாக இருக்கும் ஆண்பிள்ளை, சங்கோஜப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நடு ஆமா? அது பம்பாய்க்காரா ஆம். பண்டு அங்கே ஒரு பொண்ணு கிணத்துல விழுந்து போயிட்டா. அப்பப்போ சத்தம் கேக்கும். தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். நான்தான் இந்த விளக்கு வைக்கற ஏற்பாட்டை ஆரம்பிச்சு வெச்சேன். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை. நாம பாட்டுக்கு நம்ம காரியத்தைப் பாத்துண்டு போனா அவளும் சும்மா இருப்பா" என்றார் அவர்.

எதிர்வீட்டிலும் கேட்டேன். ஆமாம், கேட்கும், காதில் போட்டுக்கொள்வதில்லை என்றார்கள். எல்லோருமே விலகிப்போன உறவுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார்கள். எனக்கு அதுதான் உடம்பைச் சிலிர்க்கவைத்தது. இருந்தும் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உறுதிமொழியை அங்கேயே எழுதினேன். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றதும் சுந்தரம் சார் தன் பேனாவை எடுத்து அழகாகப் போட்டுக்கொடுத்தார். "பேய்க்கதைன்னா நன்னா விக்கும், அல்லே?" என்று சிரித்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஜெயந்தியின் பின்கட்டு அறையில் அரை மணி நேரம் காது கொடுத்து உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை.

"இன்னிக்குப் பேசமாட்டா அக்கா. ஞாயித்துக்கிழமை அவ வாயே திறக்கறதில்லை" என்றாள் ஜெயந்தி.

"பேய்க்கும் ஞாயித்துக்கிழமை லீவா?" என்று கேட்டு, நானே சிரித்துக்கொண்டேன்.

4. புதன்கிழமை, ப்ரூஃப்

அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருந்தது. பிழை பார்ப்பதற்கான அச்சுப் பக்கங்கள், பேஜ் ப்ரூஃப், வந்துவிட்டன. ப்ரூஃப் பார்ப்பதில் எனக்குப் பழைய பழக்கம். ஒருத்தி சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருத்தி மூலப்பிரதியில் கண்ணை ஓட்ட வேண்டும். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் பிழை தப்பாது. ஜெயந்தி வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று புதன்கிழமை மத்தியானம் போனேன். பின்கட்டு அறையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நல்ல வெயில். கொல்லையில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

ரெண்டு மணி ஆகிக் கொஞ்சம் இருக்கும். ஜெயந்தி ஒரு விரலைத் தூக்கினாள். "ஆரம்பிச்சுட்டா" என்றாள், மெதுவாக.

முதலில் எனக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டது. சுவரின் உச்சியிலிருந்து, ஓட்டுக்குக் கீழிருந்து, கரகரத்த ஒரு பெண் குரல். அழுகை இல்லை, ஓலம் இல்லை. காய்கறிக்காரியிடம் பேசுவதுபோன்ற குரல். "செருப்பைப் போட்டுக்கறேன். இடது பக்கம் திரும்பறேன். வெயில் ஜாஸ்தியா இருக்கு." என் பின்கழுத்து ஜில்லிட்டது. கையில் இருந்த காகிதத்திலும் அதே வரி இருந்தது.

பயந்தவள் பாட்டுப் பாடிக்கொண்டு இருட்டில் போவதுபோல நான் வாசிப்பைச் சத்தமாக்கினேன். "இடது பக்கம் திரும்பறேன் முற்றுப்புள்ளி கோட்டை வாசலைத் தாண்டறேன் முற்றுப்புள்ளி." அந்தக் குரல் நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன். வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியும்.

நான் நிறுத்திய இடத்திலிருந்து அந்தக் குரல் தொடர்ந்தது. "மூணாவது கடை பாத்திரக்கடை. படி ஒடஞ்சிருக்கும். புடவையைத் தூக்கிக்கணும்."

ஜெயந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, கையில் இருந்த ப்ரூஃபில் இருப்பதை, என் திருத்தத்தோடு, அப்படியே வாசித்தேன். "மூணாவது கடை மொபைல் கடை முற்றுப்புள்ளி."

பிறகு அந்தக் குரல் கேட்டது: "பாத்திரக்கடை போயிடுத்தா?"

"போயிட்டும்மா" என்றேன். என் வாய்தான் சொன்னது.

"எப்போ?"

"நாலு வருஷமாச்சு."

"எனக்கு ஒரு இட்லிப்பானை எடுத்து வெக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் கடைக்காரர் இருக்காரா?"

"இருக்காரு. நாகர்கோவில்ல மக வீட்டுல இருக்காரு."

"ஓ." அந்த 'ஓ'வில் நிஜமாகவே ஒரு ஆறுதல் இருந்தது. அப்புறம் இருமல். அப்புறம், "இப்போ மணி என்ன?"

"ரெண்டே முக்கால்."

"நீங்க எந்த ஆத்துலேர்ந்து பேசறேள்? சீக்கிரம் சொல்லுங்கோ. அஞ்சரைக்கு அவர் வந்துடுவார்."

செத்தவளுக்கு மணி எதற்கு? கிணற்றில் விழுந்தவளைத் தேடி ஐந்தரை மணிக்கு வருகிறவர் யார்? அந்த நிமிஷம்தான் எனக்குக் குளிர் விட்டுப்போய் வேர்த்தது. பேயென்று நினைத்தபோது வந்த பயம் ஒன்றுமே இல்லை. இவள் உயிரோடு இருக்கிறாள் என்று புரிந்தபோது வந்த பயத்தை என்னால் சொல்லத் தெரியவில்லை.

5. ஓட்டுக்குக் கீழே

மூலையில் ஏணி இருந்தது. எனக்கு முழங்கால் வலி, ஜெயந்தி ஏறினாள். மச்சுப் பலகையை நகர்த்தித் தலையை நீட்டினாள். அப்போதுதான் தெரிந்தது. வீடுகளைப் பிரிக்கும் சுவர்கள் மச்சு வரைக்கும்தான். அதற்கு மேலே மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே பொந்து, ஒரே இருட்டு.

"நடு ஆம் இருட்டா இருக்கு அக்கா. அதுக்கு அந்தண்டை வெளிச்சம் தெரியறது. கண்ணாடி ஓடு" என்றாள் ஜெயந்தி. பிறகு அந்த இருட்டைப் பார்த்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் அவள் அந்தக் குரலிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"லலிதா."

ஜெயந்தி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுந்தரம் சாரின் மனைவி பெயர் லலிதா. தஞ்சாவூரில் இருப்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்த லலிதா. நடுவீட்டில் உண்மையாகவே யாரும் இல்லை. குரல் அதைத் தாண்டி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புருஷன் வீட்டில் இருப்பதால் வாய் திறக்கவில்லை. சத்தம் வெளியே கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கிணற்றுக் கதையும் அமாவாசை விளக்கும்.

"அக்கா, அப்போ புத்தகம்?" என்று கேட்டாள் ஜெயந்தி.

"சீ, வாயை மூடுங்க" என்று கத்தினேன். கத்தியதற்குக் காரணம் உண்டு. அவள் கேட்பதற்கு ஒரு நொடி முன்னால் எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. ஒன்பது நாளில் அச்சு, அட்டை தயார், இப்போது போய் இவள் உயிரோடு இருக்கிறாளே என்று. அப்படி நினைத்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

போலீஸுக்கு நான்தான் போன் செய்தேன். வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அது வரைக்கும் ஜெயந்தி ஏணியில் நின்று லலிதாவோடு பேசிக்கொண்டே இருந்தாள். சாலையில் எந்தெந்தக் கடை இருக்கிறது, எது போய்விட்டது என்று லலிதா ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெரியாததை ஜெயந்தி என்னிடம் கேட்டுச் சொன்னாள்.

மூன்றாவது வீட்டின் வாசல் கதவை உடைத்து, உள்ளே பின்கட்டு அறையின் பூட்டையும் உடைத்தார்கள். பெண் போலீஸ் ஒருத்தி கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன், நாற்பத்து மூன்றாம். சுத்தமான புடவை, வாரிய தலை. வாசல்படிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். காலைப் பார்த்தாள்.

"செருப்பு இல்லையே" என்றாள்.

ஜெயந்தி தன் செருப்பைக் கழற்றி வைத்தாள். லலிதா போட்டுக்கொண்டாள். ஒரு படி இறங்கினாள், இடது பக்கம் திரும்பினாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தெரு பூராவும் வாசலில் நின்று பார்த்தது.

ஐந்தரைக்குச் சுந்தரம் சார் கையில் காய்கறிப் பையோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "அவளுக்குச் சித்தம் சரியில்லை. அடுப்புப் பக்கம் விட்டா ஆபத்து. நான்தானே பாத்துக்கறேன்?" என்று போலீஸிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்க கதைக்காரா. உங்களுக்கு இதெல்லாம் மனசிலாகாது" என்றார். ஜீப்பில் ஏறும்போதுகூட வேஷ்டியைச் சரிசெய்துகொண்டுதான் ஏறினார். வழக்கு இன்னும் நடக்கிறது, அதைப் பற்றி நான் எழுதக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நான் தூக்கச் சொன்ன முதல் அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். யாராவது இருக்கேளா, கதவைத் திறங்கோளேன். முப்பது பக்கம். அதன் மேல் சிவப்பு மையில் என் கையெழுத்தில் 'இழுவை' என்று இருந்தது.

6. கேட்டவளும் சொன்னவளும்

அச்சை நிறுத்தச் சொல்லிச் சென்னைக்குப் போன் செய்தேன். பிரபா அழுதாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். "மேடம், தப்பா நினைக்காதீங்க. மேல இருக்கறவங்க சொல்லச் சொன்னாங்க. இப்போ இது இன்னும் பெரிய புக் மேடம். உண்மைச் சம்பவம்னு அட்டையில போட்டா எங்கேயோ போயிடும்."

அவள் சொன்னது தொழில்ரீதியாக நூற்றுக்கு நூறு சரி. நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். "அவங்க சம்மதம் இல்லாம ஒரு வரி வெளிய வராது. உங்க வக்கீல் முதல்ல கேட்டது அதுதானே?" என்றேன்.

ஆறு மாதம் பொறுத்தோம். லலிதா அப்போது நகரத்திலேயே பெண்களுக்கான ஒரு விடுதியில் இருந்தாள். பேப்பர் பை ஒட்டும் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். தஞ்சாவூர் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். தங்கைக்கு உங்களோடு பேச இஷ்டமில்லை என்று அவரிடம் மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார், அவரும் நம்பிக்கொண்டு இருந்துவிட்டார். நானும் ஜெயந்தியும் மூலப்பிரதியை எடுத்துக்கொண்டு போனோம், தூக்கிய முதல் அத்தியாயத்தையும் சேர்த்து. அது அச்சாவதா, கிழிபடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவள் லலிதாதான். ஜெயந்தி அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆனால் ஆட்டோவில் வழியெல்லாம் ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டே வந்தாள். அவள் வாழ்க்கையில் எழுதிய ஒரே புத்தகம் அது.

லலிதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். முதல் பக்கம் படித்தாள். நடுவில் திறந்து கொஞ்சம் படித்தாள். விழிஞ்ஞம் வந்த இடத்தில் சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை எழுதியவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"எல்லாம் நான் சொன்னதுதான். ஒரு வார்த்தை விடலை. நன்னா எழுதியிருக்கேள்" என்றாள்.

ஜெயந்தியின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

லலிதா ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற மாதிரிதான் கேட்டாள்.

"இத்தனையும் கேட்டேளே. ஒரு தடவை சுவத்துல தட்டியிருக்கப்படாதா?"

"பயமா இருந்தது" என்றாள் ஜெயந்தி.

"எனக்கும்தான்" என்றாள் லலிதா.

அவள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஃபைலைத் திருப்பித் தரவும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. காண்ட்ராக்டை நான் ரத்து செய்தேன். ஜெயந்தி வேறு எதுவும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விடுதிக்குப் போய், வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பாளாம். சில வாரம் லலிதா வரச் சொல்வாள், சில வாரம் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுவாள்.

இதைக்கூட லலிதாவிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே, பெயர்களை மாற்றி எழுதுகிறேன். இளம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். நல்ல காது இருந்தால் நாவல் எழுதிவிடலாம், நல்ல ஏஜென்ட் கிடைத்தால் விற்றும் விடலாம். அந்தக் காது எதற்கு என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இப்போது என்னிடம் யாராவது கையெழுத்துப் பிரதி கொண்டுவந்தால் முதல் ஐம்பது பக்கம் கேட்பதில்லை. இதில் வருகிறவர்களிடம் நீங்கள் பேசியிருக்கிறீர்களா என்று கேட்கிறேன். பேசவில்லை என்றால், முதலில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், நாவல் எங்கேயும் போய்விடாது என்று அனுப்பிவைக்கிறேன்.